பொறந்த கொழந்தைக்கு முகவாதம்: வடசென்னைல இருந்தா எங்க போகணும், என்ன கொண்டு போகணும்

பாப்பா பொறந்து ஒன்னு ரெண்டு நாள்லயே அழும்போது வாய் ஒரு பக்கமா கோணுது, ஒரு கண்ணு மூடவே மாட்டேங்குதுன்னு பார்த்துட்டு பயந்து போய் இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். என் பையனுக்கு இது இருந்துச்சு. நாங்க தண்டையார்பேட்டை, எந்த டாக்டர முதல்ல பார்க்கணும், எந்த பேப்பர் கைல இருக்கணும்னு சொல்றதுக்கு ஆளே இல்லாம ராயபுரத்துக்கும் எழும்பூருக்கும் அலைஞ்சு ஒவ்வொன்னா தெரிஞ்சுக்கிட்டது தான் இதெல்லாம்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. மொகத்த அசைக்கிற நரம்பு காதுக்கு கீழ இருந்து தான் வெளிய வருது, பெரியவங்களுக்கு அந்த எடத்துல எலும்பு மேடு இருக்கும், பொறந்த கொழந்தைக்கு அது வளர்ந்திருக்காது, அதனால நரம்பு தோலுக்கு பக்கத்துலயே கெடக்கும். பிரசவத்துல ஆயுதம் போடும்போது அழுந்தலாம், ஆயுதமே போடலன்னாலும் வலி ரொம்ப நேரம் நீடிச்சா அம்மாவோட இடுப்பெலும்புல அழுந்தலாம், கொழந்தை பெருசா இருந்தாலும் ஆகலாம். ரொம்ப நேரம் மடக்கி ஒக்காந்தா கால் மரத்துப்போற மாதிரி தான், அழுத்தம் போனா நரம்பு மெல்ல திரும்பிடும், இப்படி வர்ற கேஸ்ல பத்துல ஒம்பது கொழந்தைங்களுக்கு தானா சரியாயிடும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஆனா நரம்பு வர்ற வரைக்கும் மூடாத கண்ணு காய்ஞ்சு போச்சுன்னா அது வேற பிரச்சனை. அதனால இந்த கட்டுரைல நரம்ப விட கண்ணப் பத்தி தான் அதிகமா சொல்லப்போறேன்.

1. எந்தப் பக்கம் பாதிப்புன்னு மொதல்ல சரியா பாருங்க

நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறது இங்க தான். அழும்போது வாய் எந்தப் பக்கம் இழுக்குதோ அது நல்ல பக்கம். அந்தப் பக்க தசை வேல செய்யறதால தான் இழுக்குது. அசையாம வழவழன்னு இருக்கற பக்கம், மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல கோடு விழாத பக்கம், கண்ணு மூடாத பக்கம், அது தான் பாதிப்பு உள்ள பக்கம். வீட்ல ஒருத்தர் தப்பா புரிஞ்சுக்கிட்டா சொட்டு மருந்து நல்ல கண்ணுக்கு போயிட்டே இருக்கும். அதனால மருந்து டப்பா மேலயே பேனாவுல "இடது" இல்ல "வலது"ன்னு எழுதி வெச்சிடுங்க.

அழும்போது நெத்தி சுருங்குதா, கண்ணு முழுசா மூடுதான்னும் கவனிங்க. ரெண்டும் நல்லா இருந்து கீழ் உதடு மட்டும் ஒரு பக்கமா போகுதுன்னா அது நரம்பு பிரச்சனையா இல்லாம, உதட்ட கீழ இழுக்கிற ஒரு சின்ன தசை சரியா வளராததா இருக்கலாம். பார்க்க சாதாரணமா தெரியும், ஆனா சில கொழந்தைங்களுக்கு அதோட சேர்ந்து இதயத்துல குறை இருக்க வாய்ப்பு உண்டு, அதனால அவங்களுக்கு எக்கோ (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

இதையெல்லாம் போன்ல வீடியோ எடுத்து வைங்க. ஆஸ்பத்திரிக்கு போனா பாப்பா கரெக்டா டாக்டர் முன்னாடி தூங்கிடும், எழுப்பி அழ வைக்க முடியாது. அழறப்போ ஒன்னு, தூங்கறப்போ ஒன்னு, பால் குடிக்கறப்போ ஒன்னு, அர நிமிஷம் போதும். வாரா வாரம் அதே வெளிச்சத்துல அதே மாதிரி எடுத்தீங்கன்னா மாற்றம் தெரியும். டெய்லி பார்க்கற நம்ம கண்ணுக்கு அது தெரியாது.

2. கண்ணுக்கான வேலைய அன்னிக்கே ஆரம்பிங்க

டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியே கண் டாக்டர் ஒருத்தர் பார்த்தாகணும், "அடுத்த வாரம் ஓபி-ல காட்டுங்க"ன்னு சொன்னாலும் விடாதீங்க, "கண்ணு மூடலைங்க, இன்னிக்கே சொட்டு மருந்து எழுதிக் குடுங்க"ன்னு நின்னு கேளுங்க.

கண் டாக்டர் மஞ்சள் கலர்ல ஒரு சொட்டு விட்டு நீல லைட் அடிச்சு பார்ப்பாங்க, கருவிழில கீறல் இருந்தா அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு கண்ணீர் மஞ்சளா வரும், துணியெல்லாம் கறையாகும், சீழ் பிடிச்சிடுச்சோன்னு பயப்பட வேணாம்.

பொதுவா குடுக்கறது இது தான். பகல்ல கண்ணீர் மாதிரி இருக்கற சொட்டு, எத்தன மணிக்கு ஒரு தடவன்னு டாக்டர் எழுதுவாங்க. ராத்திரிக்கு பிசுபிசுன்னு இருக்கற ஆயின்ட்மென்ட். சிலருக்கு தூங்கும்போது இமைய மூடி பேப்பர் டேப் ஒட்ட சொல்லுவாங்க. டேப் ஒட்டறத நர்ஸ் செஞ்சு காட்டாம நீங்களா செய்யாதீங்க. மேல் இமைய மெதுவா கீழ இறக்கி, முழுசா மூடிடுச்சான்னு பார்த்துட்டு தான் ஒட்டணும். மூடாத கண்ணு மேல பஞ்ச வெச்சு கட்டறது ரொம்ப ஆபத்து, உள்ள கண்ணு திறந்துச்சுன்னா பஞ்சு கருவிழிலயே உரசும். டேப் எடுக்கும்போது தண்ணி தொட்டு நனைச்சு எடுங்க, பச்ச தோலு, உரிஞ்சிடும்.

தூங்கும்போது லேசா இமை திறந்து வெள்ள முழி தெரியுதுன்னா முழி மேல சுழண்டு இருக்குன்னு அர்த்தம், கண்ணு தன்ன தானே கொஞ்சம் காப்பாத்திக்குது. தூங்கும்போது கருவிழி தெரிஞ்சா கண் டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒன்னு சொல்லணும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம், துறைமுகம் போற கன்டெய்னர் லாரி ஓடற ரோட்டுல வீடு இருந்துச்சுன்னா தூசி எவ்ளோ வரும்னு உங்களுக்கே தெரியும். ரோட்டு பக்க ஜன்னல சாத்தி வைங்க, ஃபேனுக்கு நேர் கீழ படுக்க வைக்காதீங்க, டூவீலர்ல ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போகவே கூடாது, காத்தும் தூசியும் நேரா அந்த கண்ணுல தான் அடிக்கும்.

கண்ணு செவந்து போனா, கருவிழில வெள்ளையா புள்ளி தெரிஞ்சா, பூளை கட்டினா, வெளிச்சத்த பார்த்து முகத்த திருப்பிக்கிட்டா அன்னிக்கே கண் ஆஸ்பத்திரி. மெடிக்கல் ஷாப்ல "கண்ணு செவப்புக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு எதையும் விடாதீங்க, அப்படி குடுக்கற சொட்டுல சிலது ஸ்டீராய்டு கலந்தது, கருவிழில புண்ணு இருக்கும்போது அத விட்டா மோசமாயிடும்.

3. டிஸ்சார்ஜ் சம்மரிய வாங்கின உடனே அங்கயே நின்னு படிங்க

இந்த ஒரு பேப்பர் இல்லன்னா அடுத்த ஆஸ்பத்திரில எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லணும், நம்ம சொல்றது வேற, எழுத்துல இருக்கறது வேற. நாங்க பிரசவம் பார்த்த எடத்துல ஆயுதம் போட்டு எடுத்தாங்க, ஆனா சம்மரில வெறும் நார்மல் டெலிவரின்னு இருந்துச்சு, அத திருத்தி வாங்கறதுக்கே தனியா போய் நிக்க வேண்டியதாச்சு. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி இதெல்லாம் இருக்கான்னு பாருங்க: எப்படி பிரசவம், ஆயுதமா வேக்குவமா, வலி எவ்ளோ நேரம், எடை, பொறந்த உடனே அழுதுச்சா, முகவாதம் எந்தப் பக்கம்னு, யார் எப்போ கவனிச்சாங்கன்னு, கண்ணுக்கு என்ன மருந்து, காது டெஸ்ட் செஞ்சாங்களா, என்னென்ன தடுப்பூசி போட்டாச்சு.

பொறந்தப்பவே இருந்துச்சா இல்ல சில நாள் கழிச்சு வந்துச்சான்றது ரொம்ப முக்கியம். பொறந்து நல்லா இருந்த கொழந்தைக்கு பின்னாடி வந்துச்சுன்னா காதுல சீழ், இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர் வேற மாதிரி யோசிக்கணும். அந்த தேதி எழுத்துல இல்லன்னா யாரும் உறுதியா சொல்ல முடியாது.

4. எங்க போகணும்

வடசென்னைக்கு கையெட்டற தூரத்துல ஸ்டான்லி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, பிரசவம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரில ஆச்சுன்னா அது ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ சேர்ந்தது தான், அங்கயே கொழந்தை டாக்டர், கண் டாக்டர் கிட்ட எழுதி வாங்கிட்டு போறது சுலபம். கொழந்தைங்களுக்குன்னே எழும்பூர்ல அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, நரம்பு டாக்டர் கிட்ட காட்டணும்னா அங்க போறது நல்லது. கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி.

தனியார்ல பிரசவம் ஆச்சுன்னு தயங்காதீங்க, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில காட்டலாம். ரெஃபரல் லெட்டர் இருந்தா நல்லது, இல்லன்னாலும் சம்மரி ஜெராக்ஸோட போய் ஓபி சீட்டு போடலாம்.

காலைல சீக்கிரம் போங்க, ஓபி சீட்டு மதியத்தோட முடிஞ்சிடும், ஸ்பெஷல் ஓபி எல்லா நாளும் இருக்காது, எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எந்த நாள்னு மொதல் தடவ போகும்போதே கேட்டு சம்மரிக்கு பின்னாடி எழுதிக்கோங்க. தையல் போட்ட ஒடம்போட அம்மா க்யூல நிக்க வேணாம், வீட்டுக்காரரோ தம்பியோ சீட்டு வாங்கட்டும், ஆனா அம்மா கூட வந்து ஒக்காந்திருக்கணும், நடுவுல பால் குடுக்கணும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம்னா மெட்ரோல சென்ட்ரல் போய் பச்ச லைனுக்கு மாறினா அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். ஆட்டோ தூசிய விட ஆயிரம் மடங்கு மேல், லிஃப்ட்டும் இருக்கு.

ஓபி நாளுக்காக காத்திருக்கக்கூடாத விஷயங்கள்: ஜன்னி, காய்ச்சல், பால் இழுக்காம சோர்ந்து கெடக்கறது, காதுக்கு பின்னாடி வீக்கம், ஒரு கை தூக்காம தொங்கறது. கையையும் கவனிங்கன்னு தனியா சொல்றேன், கஷ்டமான பிரசவத்துல மொகத்து நரம்போட தோள்பட்டை நரம்பும் இழுபட்டிருக்கலாம், எல்லாரும் மொகத்தையே பார்த்துட்டு கைய விட்டுடுவாங்க. ஸ்டான்லில கை சிகிச்சைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. ராத்திரில பயமா இருந்தா 108.

5. பேப்பர் வேலை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி எல்லாத்தையும் அதுல போடுங்க, ஒரிஜினல் ஒரு பக்கம், ஜெராக்ஸ் ரெண்டு செட் இன்னொரு பக்கம்.

பிறப்பு சான்றிதழ்: 21 நாளைக்குள்ள பதிவாகணும், ஆஸ்பத்திரிலயே பதிவு பண்ணிடுவாங்க, அதுக்கு கர்ப்பமா இருக்கும்போது குடுத்த ஆர்.சி.எச். நம்பர் வேணும், பிக்மி நம்பர்னும் சொல்லுவாங்க. அம்மா அப்பா பேர் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு எழுத்தெழுத்தா பாருங்க. பாப்பாவுக்கு பேர் வெக்கலன்னாலும் பதிவு பண்ணலாம், ஒரு வருஷத்துக்குள்ள பேர காசில்லாம சேர்த்துக்கலாம். மாநகராட்சி வெப்சைட்ல சான்றிதழ சும்மாவே டவுன்லோட் பண்ணிக்கலாம், யாராவது "வாங்கித் தர்றேன்"னு காசு கேட்டா குடுக்காதீங்க.

காப்பீடு: கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஒரு வயசு வரைக்கும் கொழந்தைக்கு வைத்தியம், மருந்து, டெஸ்ட் எல்லாம் இலவசம், அதுக்கு காப்பீடு கார்டே தேவையில்ல. ஆனா பின்னாடி ஆபரேஷன்னு வந்தா உதவும்னு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு எடுத்து வைக்கறது நல்லது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்றிதழ் வேணும், வருமான சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். கார்டு எடுக்கற எடம் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் எல்லாம் இப்போ சென்னை மாவட்டம் தான், பழைய நெனப்புல திருவள்ளூருக்கு பஸ் ஏறிடாதீங்க, மீஞ்சூர், பொன்னேரின்னா தான் அங்க போகணும். சந்தேகம்னா 1800 425 3993-க்கு போன் பண்ணுங்க, காசில்ல.

6. டெஸ்ட்டும் செலவும்

பொறந்தப்பவே இருந்து, ஒரு பக்கம் மட்டும்னா, டாக்டர் கையால பார்க்கறதே பெரும்பாலும் போதும். உடனே சிடி, எம்ஆர்ஐன்னு யாராவது எழுதினா "எதுக்குங்க, என்ன சந்தேகம்"னு மரியாதையா கேளுங்க. காரணம் இருந்தா சொல்லுவாங்க: ரெண்டு பக்கமும் அசையல, கண்ணு முழி பக்கவாட்டுல திரும்பல, காது சின்னதா இருக்கு இல்ல காதுகிட்ட மரு மாதிரி சதை இருக்கு, தலைல அடி பட்ட அடையாளம் இருக்கு, இப்படி ஏதாவது இருந்தா பார்த்து தான் ஆகணும், அப்போ தள்ளிப் போடாதீங்க.

காது டெஸ்ட் மட்டும் கட்டாயம். மொத மாசத்துக்குள்ள ஒரு ஸ்கிரீனிங், அதுல பாஸ் ஆகலன்னா மூணு மாசத்துக்குள்ள பெரா, அதாவது காது நரம்பு சரியா வேல செய்யுதான்னு பார்க்கற டெஸ்ட். கொழந்தை தூங்கும்போது தான் பெரா எடுக்க முடியும், பால் குடுத்து தூங்க வைக்க வசதியா ஒரு போர்வையோட போங்க.

செலவுன்னு பார்த்தா கவர்ன்மென்ட்ல போக்குவரத்து தான். வெளிய வாங்கினா கண் சொட்டு, ஆயின்ட்மென்ட், டேப் தான் மாசா மாசம் வரும், முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ மருந்து பேர காட்டி கேளுங்க, கம்பெனி பேர் மாறும், உள்ள இருக்கற மருந்து அதே தானான்னு பார்த்து வாங்குங்க. திறந்த சொட்டு பாட்டில ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருக்காதீங்க, திறந்த தேதிய மேல எழுதிடுங்க. கரன்ட் வைக்கிற ட்ரீட்மென்ட்டுன்னு தனியார்ல பேக்கேஜ் சொல்றாங்க, நரம்பு டாக்டர் எழுதித் தராம பச்ச கொழந்தைக்கு அதுக்கு ஒத்துக்காதீங்க. ஸ்டீராய்டும் அப்படித் தான், பெரியவங்களுக்கு திடீர்னு வர்ற முகவாதத்துக்கு குடுக்கறது, பிரசவத்துல அழுந்தின நரம்புக்கு வழக்கமா குடுக்கறதில்ல.

7. பால் குடுக்கறது

உதடு ஒரு பக்கம் சேராததால பால் ஓரமா வழியும், காத்தும் உள்ள போகும். தாய்ப்பால நிறுத்த வேணாம். விரலால பாதிப்பு உள்ள கன்னத்த லேசா தாங்கிப் பிடிங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, நல்லா ஏப்பம் விட வைங்க. இழுக்கவே முடியலன்னா பால பீச்சி பாலாடைல எப்படி குடுக்கணும்னு நர்ஸ் காட்டுவாங்க. வேகமா வரட்டும்னு பாட்டில் நிப்பிள் ஓட்டைய பெருசாக்கறது, சங்குல வாய்ல ஊத்தறது ரெண்டும் பொரையேறி விடும். மொத வாரம் முடியறப்போ ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒன்னுக்கு போகுதா, ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடை திரும்ப வந்துச்சான்னு பாருங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல எடை போட்டு அட்டைல எழுதச் சொல்லுங்க, தடுப்பூசிக்கு புதன்கிழமை போகும்போதே இதையும் முடிச்சிடலாம். முகவாதத்துக்காக தடுப்பூசிய தள்ளிப்போட சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க.

8. வீட்ல பெரியவங்ககிட்ட எப்படி சொல்றது

கஷ்டமான பாகம் இது தான். காத்து பட்டுடுச்சு, வாயு, கர்ப்பத்துல கிரகணம் பார்த்துட்டா, இப்படி ஒவ்வொருத்தரும் ஒன்னு சொல்லுவாங்க, கேக்கற அம்மாவுக்கு பால் கூட வத்திப் போகும் போல இருக்கும். அம்மா எதுவும் செஞ்சதால இது வரல, இத வீட்டு ஆம்பளைங்க வாய் திறந்து நாலு பேர் முன்னாடி சொல்லணும்.

மந்திரிக்கறது, கயிறு கட்டறதுன்னா கட்டிக்கட்டும், கொழந்தைக்கு ஒன்னும் ஆகாது, அந்த கயிறு கழுத்துல இறுக்காம இருந்தா சரி. ஆனா சிலத செய்ய விடவே கூடாது. காதுல, மூக்குல எண்ணெய் விடறது. கண்ணுல தாய்ப்பால் பீச்சறது. அந்த கண்ணுக்கு மை. கோணின வாய நேராக்கறேன்னு அழுத்தி உருவறது. அப்புறம் சாம்பிராணி. குளிப்பாட்ட வர்ற ஆயா தலை காயணும்னு கொழந்தைய புகை மேல கவுத்துப் பிடிப்பாங்க, நல்ல கண்ணு இறுக்கி மூடிக்கும், பாதிப்பு உள்ள கண்ணு பாதி திறந்தபடியே அந்தப் புகைய அப்படியே வாங்கும். நான் எங்க அத்தைகிட்ட, "அத்தை, கண்ணுக்கு புகை ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, தலைய மெல்லிசு துணியால ஒத்தி எடுத்துடலாம்"னு சொன்னேன், அவங்க உடனே கேட்டுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் ராத்திரி ஆயின்ட்மென்ட் போடற வேலையே அவங்களோடது தான். பெரியவங்கள ஓபி-க்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயால கேக்க வைங்க, நம்ம பத்து தடவ சொல்றதுக்கு சமம்.

9. எவ்ளோ நாள் பார்க்கறது

சிலருக்கு சில நாள்லயே அசைவு வர ஆரம்பிக்கும், பலருக்கு சில வாரம், சிலருக்கு மாசக்கணக்கு. எல்லாம் ஒரே நேரத்துல சரியாகாது, அதனால கண்ணு லேசா மூட ஆரம்பிச்ச உடனே மருந்த நிறுத்திடாதீங்க, கண் டாக்டர் பார்த்து "போதும்"னு சொல்லணும்.

மூணு மாசத்துல துளி கூட அசைவு வரலன்னா எழும்பூர்ல நரம்பு டாக்டர்கிட்ட வீடியோவ காட்டி, நரம்பும் தசையும் வேல செய்யுதான்னு பார்க்கற டெஸ்ட் பத்தி கேளுங்க. மாவட்டத்துல ஆரம்ப கால தலையீட்டு மையம்னு ஒன்னு இருக்கு, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கான திட்டம், பேச்சு, பார்வை, கேட்கும் திறன், பிசியோ எல்லாம் ஒரே எடத்துல பார்ப்பாங்க, அங்க அனுப்ப சொல்லி டாக்டர்கிட்டயே எழுதி வாங்குங்க.

கொஞ்சம் பேருக்கு முழுசா வராம போகலாம். அப்போ பிளாஸ்டிக் சர்ஜரில தொடைல இருந்து தசைய எடுத்து கன்னத்துல வெச்சு சிரிப்ப கொண்டு வர்ற ஆபரேஷன் இருக்கு, ஆனா அத பொதுவா அஞ்சு ஆறு வயசுல தான் செய்வாங்க, கைக்கொழந்தைக்கு உடனே ஆபரேஷன்னு யாராவது அவசரப்படுத்தினா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. அது வரைக்கும் கண்ண ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்க, அந்த ஃபைலையும், பழைய வீடியோவையும் அழிச்சிடாதீங்க, போன் மாத்தும்போது இன்னொருத்தர் போன்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க, சர்ஜன் மொதல்ல கேக்கறதே பொறந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு தான்.